நிலக்கரிக்குள் அடைபட்ட அதிர்வு

தரைக்கு ஆயிரம் மீட்டர் கீழே நிலக்கரி வெட்டுபவர்கள், எதிரே பாறை பிளந்து கிடப்பதை முன்கூட்டியே எப்படி அறிகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெர்மனியின் ரூர் பகுதியில், 2018 டிசம்பரில் அங்கிருந்த கடைசி நிலக்கரிச் சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல் மூடப்படும் வரை, பொறியாளர்களை விடாமல் துரத்திய கேள்வி இது.

பிளவின் ஒருபுறத்து நிலக்கரி அடுக்கு மறுபுறத்தைவிட மேலோ கீழோ நழுவியிருக்கும். இந்த நழுவல் அடுக்கின் தடிமனை விஞ்சினால், வெட்டும் இயந்திரத்தின் முன்னே கரிக்குப் பதில் வெறும் பாறை நிற்கும். நொறுங்கிய பகுதியின் வழியே மீத்தேனும் நீரும் கசியலாம். தரைமேல் அதிர்வை உண்டாக்கி எதிரொலி கேட்கும் முறை பெரிய பிளவுகளுக்குப் போதும். ஆனால், பாறையில் நொடிக்கு 3,000 மீட்டர் செல்லும் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 மீட்டர். அதில் கால் பங்குக்கும் குறைந்த நழுவலைப் பிரித்தறிவது கடினம். இரண்டு மீட்டர் அடுக்கை வெட்டுபவரின் வேலையை நிறுத்த மூன்று மீட்டர் நழுவலே போதும்.

இதற்கு வழி நிலக்கரியின் இயல்பிலேயே இருக்கிறது. அதில் குறுக்கலையின் (செல்லும் திசைக்குக் குறுக்காகத் துகள்களை அசைக்கும் அலையின்) வேகம் சுற்றியுள்ள பாறையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே, அடுக்குக்குள் வைத்த சிறு வெடியின் அதிர்வு, மேற்பாறையிலும் அடிப்பாறையிலும் சாய்வாக மோதி, ஒளியிழையில் ஒளி சிக்குவதைப் போல முழு அக எதிரொளிப்பால் கரிக்குள்ளேயே அடைபட்டு ஓடுகிறது. நியூசிலாந்தில் புவி இயற்பியலாளர் எவிசன் 1955இல் இதைக் காட்டினார். ஜெர்மானியரான தியோடோர் கிரே 1963இல், பிளவு தேட இது உதவும் என்று கோட்பாட்டுடன் விளக்கினார்.

என்னை மிகவும் கவர்வது இந்த அலை வந்து சேரும் விதம். நீண்ட அலைகள் கரிக்குள் அடங்காமல் பாறைக்குள்ளும் பரவுவதால், பாறையின் வேகத்தைப் பெற்று முந்திவிடுகின்றன. குறுகியவை கரிக்குள் ஒடுங்கிப் பின்தங்குகின்றன. இடையிலுள்ள ஓர் அதிர்வெண் பட்டையின் ஆற்றலோ எல்லாவற்றையும்விட மெதுவாக, ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒன்றுசேர்ந்து வருகிறது. அதனால், நில அதிர்வை உணரும் கருவியான ஜியோபோனின் பதிவில் முதலில் மெல்லிய நடுக்கமும், பிறகு நீண்ட இழுவையும், இறுதியில் திடீரென உயர்ந்த வீச்சும் தெரிகின்றன.

ஒரு சுரங்கப் பாதையில் வெடி, எதிர்ப் பாதையில் ஜியோபோன். அந்த உயர்ந்த வீச்சு வந்தால் இடையில் அடுக்கு அறுபடவில்லை. அது வராதபோது, வெடியையும் ஜியோபோனையும் இணைக்கும் கோடு பிளவைக் கடக்கிறது என்று கொண்டு வரைபடம் வரையலாம். வெடியையும் ஜியோபோனையும் ஒரே பாதையில் வைத்தால், மோதித் திரும்பிய அலை வரும் நேரம் பிளவின் தொலைவைச் சொல்லும். ஜெர்மன் நிலக்கரித் தொழில் சுருங்கிவந்த காலத்திலேயே இம்முறை மெருகேறியது. நலிந்த தொழிலுக்கு ஆய்வுப் பணம் எதற்கு என்பவர்கள், சுரங்கத்தில் கடைசி ஆள் இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுக்கின் தடிமனில் சிறு பங்கே நழுவிய பிளவுகளை அலை பெரிதும் தடையின்றிக் கடந்துவிடும். சிறு விரிசல்களும் அப்படியே தப்பிவிடுவதால், சந்தேகம் எழும் இடங்களில் பாதையிலிருந்து கிடைமட்டமாகத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும்.