‘ரோல் பிளேயர்’ என்றால் ஒப்புக்குச் சப்பாணியா?

மாநகராட்சித் திடலில் ஒரு சாயங்காலக் கூடைப்பந்து ஆட்டம். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: “அந்த அஞ்சாம் நம்பர் பையன் ஒரு கூடைகூடப் போடலையே தம்பி, ஏன் இன்னும் உள்ள வெச்சிருக்காங்க?” அவர் கேட்கும்போதே அந்தப் பையன் தோளை விரித்து, சிமென்ட் தரையில் கால் ஊன்றி ஸ்க்ரீன் போட்டான், அதாவது துரத்துபவனுக்குக் குறுக்கே சுவராக நின்றான். துரத்தி வந்தவன் அவன் நெஞ்சில் முட்டி நின்றான்; பந்தோடு ஓடியவன் சாவகாசமாகக் கூடையில் போட்டான். “அவன் ரோல் பிளேயர் சார்” என்றேன். “அப்படின்னா, ஒப்புக்குச் சப்பாணியா?”

இல்லை. நேர் எதிர்.

‘ரோல்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் லத்தீனில் ‘ரோட்டுலுஸ்’, அதாவது சுருள். நடிகர் பேச வேண்டிய வசனத்தை எழுதித் தந்த காகிதச் சுருள், நாளடைவில் அவர் ஏற்கும் வேடத்துக்கே பெயராயிற்று. பள்ளியில் கூப்பிடும் ‘ரோல் நம்பர்’ ஆங்கிலத்தில் வேறு எழுத்து, ஆனால் வேர் இதுவேதான். தமிழில் இரண்டையும் ஒன்றாக எழுதி, பிரிந்த அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்துவிட்டோம்.

கூடைப்பந்தில் ரோல் பிளேயர் என்பவர் அணியின் நட்சத்திரம் அல்லர். தனக்கென்று ஒதுக்கிய இரண்டு மூன்று வேலைகளைப் பிசகாமல் செய்பவர். ராபர்ட் ஹோரி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 16 பருவங்கள் ஆடினார். சராசரி ஆட்டத்துக்கு 7 புள்ளிதான். நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. ஆனால் ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகளோடு 7 பட்டங்கள். 2005 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், 5.8 நொடி மிச்சமிருக்க, டெட்ராய்ட்டுக்கு எதிராக அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைதான் அன்று வெற்றி தந்தது. இன்னொரு என்.பி.ஏ. வீரர் ஷேன் பாட்டியேவின் வேலை இன்னும் நுணுக்கம்: பந்தைத் தட்டிவிடப் பாயாமல், எறிபவரின் கண்ணுக்கு நேரே கையை நீட்டி மறைப்பார். புள்ளிப் பட்டியலில் இதற்கு ஏது இடம்?

விளையாட்டுக் கல்வி இங்கே புதிதல்ல: 1920-லேயே ஹாரி பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஊர் சென்னை. ‘கூடைப்பந்து’ என்ற பெயரும் ஊன்றிவிட்டது. ‘ரோல் பிளேயர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போதுதான் தடுமாற்றம். ‘மாற்று ஆட்டக்காரர்’ என்பது பிழை. என்.பி.ஏ.வின் புரூஸ் போவன் போன்ற ரோல் பிளேயர்கள் முதல் நிமிடத்திலேயே களமிறங்கியவர்கள். ‘பாத்திர வீரர்’ என்றால் எவர்சில்வர் கடை நினைவுக்கு வருகிறது. ‘குணச்சித்திர ஆட்டக்காரர்’ நெருங்கி வருகிறது, ஆனால் சினிமா வாடை போகாது.

என் தேர்வு ‘உறுதுணை ஆட்டக்காரர்’. ‘உறு’ மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். உற்ற நேரத்தில் உதவும் துணை என்றும் காதில் விழும். இரண்டும் இங்கே பொருந்தும்.

பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார். “மிருதங்கக்காரர் மாதிரின்னு சொல்லுங்க, புரியுது. சபாவுல அவரைப் போய் ஒப்புக்குன்னு யார் சொல்லுவா?”

அப்படிப் பார்த்தால் ஹோரியின் அந்த 5.8 நொடிதான் தனி ஆவர்த்தனம்.