சேணத்தைக் கழட்டினதும் முதுகைப் பாருங்க: பழைய கவ்பாய் தாத்தாங்ககிட்ட நான் கத்துக்கிட்டது

நான் வேலை பார்க்கறது டெக்சாஸோட வடக்கு மூலை, பான்ஹேண்டில்னு சொல்வாங்க, அமரில்லோ பக்கம். இங்க மாடும் காத்தும்தான் ஜாஸ்தி. மாட்டு டாக்டராத்தான் வந்து சேர்ந்தேன், குதிரை பார்க்க ஆரம்பிச்சது அப்புறம்தான், அதுல பாதி படிச்சது, மீதி பாதி இங்க இருக்கற வயசான கவ்பாய்ங்க வாயைக் கிளறி தெரிஞ்சுக்கிட்டது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேஸ். இங்க செட்டில் ஆன நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், பொண்ணு ஆசைப்பட்டான்னு குதிரை வாங்கிட்டார். சனி ஞாயிறு மட்டும் சவாரி. "சார், இதுக்கு புத்தி கெட்டுப்போச்சு, சேணத்தை எடுத்தாலே காதை மடக்கிட்டு கடிக்க வருது"ன்னு போன் பண்ணார். போனேன், பல்லு பார்த்தேன், காலு பார்த்தேன், நடக்க விட்டுப் பார்த்தேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பழக்கற ஆள்கிட்ட விடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தப்பு என் மேலதான்.

அடுத்த வாரம் பக்கத்து நிலத்துப் பெரியவர், எண்பதைத் தாண்டினவர், பதினாறு வயசுலயே ரான்ச் (மாட்டுப் பண்ணை) வேலைக்குப் போனவர், வேலியைத் தாண்டி வந்து ரெண்டு விரலால குதிரை முதுகை மெதுவா அழுத்திக்கிட்டே போயிருக்கார், ஒரு இடத்துல அது படக்குனு முதுகை இறக்கியிருக்கு. முடியை விலக்கிப் பார்த்தா அங்க கொஞ்சம் வெள்ளை முடி. மறுபடி நான் போனப்ப அவர் கேட்டது ஒண்ணுதான், பல்லு வலிச்சா அது எதுக்கு சேணத்தைப் பார்த்து கோவப்படணும்னு. எனக்கு பதில் இல்ல.

அந்த வெள்ளை முடி வயசானதால வர்றது இல்லீங்க. சேணம் ஒரே இடத்துல ரொம்ப நேரம் அழுத்தினா அங்க ரத்த ஓட்டம் குறைஞ்சு தோல் செத்துப்போகும், முடிக்கு நிறம் குடுக்கற செல்லும் சேர்ந்து போயிடும், புண் ஆறினாலும் முடி வெள்ளையாத்தான் முளைக்கும். வாங்கும்போதே இதைப் பார்த்துட்டா பழைய ஓனர் எப்படி வச்சிருந்தார்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

பெரியவரோட தாத்தா காலத்துல, அதாவது 1870கள்ல, டெக்சாஸ்ல இருந்து கான்சாஸ் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டாயிரம் மூவாயிரம் மாட்டை நடத்தியே கூட்டிட்டுப் போவாங்க, ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு மைல். அதுல ஒரு கவ்பாய்க்கு ஒரு குதிரை கிடையாது, ஆறுல இருந்து பத்து வரைக்கும் இருக்கும். மாத்துக் குதிரைங்க எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குப் பேரு ரெமுடா, ஸ்பானிஷ்ல இருந்து வந்த வார்த்தை. காலைல ஒண்ணு, மதியம் வேற ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க. அப்ப இருந்த குதிரைங்க சின்னது, 360 கிலோ இருந்தா பெருசு. ஆள் ஒரு 65 கிலோ, சேணம் 16 கிலோன்னு வைங்க, 81 ஆச்சு. குதிரை எடைல 20 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்கன்னு நாங்க இப்ப சொல்றோம், அந்தக் கணக்குல 72தான் வரும். அதுவும் தானியம் கிடையாது, வழில கிடைக்கற புல்லுதான். மாத்தலைன்னா குதிரை படுத்துரும், அவ்வளவுதான் விஷயம், பாசத்துல மாத்தினாங்கன்னு நினைச்சுக்காதீங்க.

இதை எதுக்கு சொல்றேன்னா, அந்தக் காலத்துல எல்லாம் குதிரையை குழந்தை மாதிரி பார்த்தாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. பல தடவை கான்சாஸ் போய் சேர்ந்ததும் மாட்டோட சேர்த்து குதிரைங்களையும் வித்துட்டாங்க. குதிரை ரான்ச்சுக்கு சொந்தம், கவ்பாய்க்கு சொந்தம் சேணம் மட்டும்தான். ஆனாலும் அவனுக்குப் பிரிச்சுக் குடுத்த குதிரைங்களை வேற யாரும் கேக்காம தொடக்கூடாது, முதலாளியே அதுல ஒண்ணை எடுத்துட்டா வேலையை விட்டுப் போன்னு அர்த்தம்.

பெரியவர் முகம் மலர்றது ராத்திரிக் குதிரை பத்திப் பேசும்போதுதான். ராத்திரி மாட்டைச் சுத்தி காவல் போறதுக்குன்னு தனியா ஒரு குதிரை வச்சிருப்பாங்களாம், கால் பதறாத குதிரையா, கண்ணு நல்லா இருக்கறதா பார்த்து எடுப்பாங்க. அவர் தாத்தா சேணத்து மேலயே தூங்கிடுவாராம், குதிரை பாட்டுக்கு சுத்தி வருமாம். எவ்வளவு தூரம் உண்மையோ தெரியாது, ஆனா குதிரைக்கு இருட்டுல நம்மள விட நல்லாவே கண்ணு தெரியும், கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்கு.

அவர் சொன்னதுல நான் இன்னைக்கும் எல்லார்கிட்டயும் சொல்றது, சவாரி முடிஞ்சு இறங்கினதும் சேணத்தை சடார்னு தூக்கிடாதீங்க, முதல்ல வயித்து வாரை மட்டும் தளர்த்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க. அழுத்தி வச்ச இடத்துக்கு ரத்தம் மெதுவா திரும்பட்டும், ஒரேடியா பாஞ்சா வீங்கும்னு அவர் சொல்வார். அப்புறம் கழட்டிட்டு வேர்வைத் தடத்தைப் பாருங்க. நடு முதுகெலும்புக் கோட்டுல காஞ்சிருக்கறது சகஜம், ஆனா சேணம் உட்கார்ற இடத்துல சுத்தி ஈரமா இருந்து நடுவுல உள்ளங்கை அளவு காஞ்சிருந்தா அங்க அழுத்தம் ஜாஸ்தியா இருக்கலாம், சந்தேகப்படுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை தடவிப் பாருங்க, வீக்கம் சில சமயம் லேட்டாத்தான் எழும்பும். வார் இறுக்கும்போதும் ஒரே இழுப்புல இறுக்காதீங்க, கொஞ்சம் இறுக்கி நாலு அடி நடக்க விட்டு மறுபடி இறுக்குங்க. சேணம் போட்டதும் முதுகை வில்லு மாதிரி வளைக்கற குதிரையை கோல்ட் பேக்னு சொல்லி அந்தக் காலத்துல ஏறி துள்ள விட்டே அடக்குவாங்க, நான் அப்படி வர்ற குதிரைக்கு இப்பல்லாம் முதல்ல முதுகுக்கு எக்ஸ்ரேதான் எழுதறேன்.

நம்மாள் குதிரைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. சேணம் அதோட முதுகுக்கு ரொம்ப குறுகல், குதிரையை வித்தவர் முன்னாடி வச்சிருந்த வேற குதிரையோடதாம், விலை கம்மின்னு சேர்த்து வாங்கியிருக்கார். மூணு மாசம் சவாரி இல்லாம விட்டோம், வேற சேணம் வாங்கினாங்க. இப்ப கடிக்க வர்றதில்ல, காதை மட்டும் இன்னும் லேசா மடக்குது. அந்தப் பொண்ணு அதைப் பார்த்தா ஏறாம கொஞ்ச நேரம் நின்னு முதுகைத் தடவிட்டு நிக்கறா, பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிடறார்.