கூட்டு நிதி அல்ல, திரள்நிதி

நண்பர் ஒருவர் அறிவியல் புனைகதைக் குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கிறார். இருபது நிமிடப் படம். பழுதான விண்கலத்தில் தனியாக மிஞ்சிவிட்ட ஒரு பெண்ணின் கதை. தயாரிப்பாளர் என்று யாரும் இல்லை. இணையத்தில் வேண்டுகோள் வைத்து, முகம் தெரியாத பலரிடமிருந்து சிறு சிறு தொகையாகப் பணம் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தார். வேண்டுகோளைத் தமிழில் எழுதிப் பிழை பார்க்க எனக்கு அனுப்பினார். முதல் வரி இது: 'எங்கள் சுதந்திர அறிவியல் புனைவுக் குறும்படத்தின் கூட்டு நிதியில் இணையுங்கள்.'

'கூட்டு நிதி'யைச் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். "எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்" என்று சொல்லி அப்படியே வெளியிட்டுவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பணம் அனுப்பியிருந்த ஒருவர் கேட்டிருந்தார்: 'படத்தின் லாபத்தில் என் பங்கு எத்தனை விழுக்காடு? ஒப்பந்தத்தை எப்போது அனுப்புவீர்கள்?' போட்ட பணம் திரும்புவதே அபூர்வமான குறும்படத்தில் லாபத்துக்கு எங்கே போவது? ஆனாலும் கேட்டவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தமிழைச் சரியாகப் படித்திருக்கிறார். எழுதியவர்தான் தவறாக எழுதியிருக்கிறார்.

இப்படிப் பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பதை ஆங்கிலத்தில் 'கிரவுட்ஃபண்டிங்' என்கிறார்கள். அந்த மூலச்சொல்லின் கதை சிறியது. 2006ஆம் ஆண்டு பிறந்த சொல். அந்த ஜூன் மாதம் அமெரிக்கத் தொழில்நுட்ப இதழான 'வயர்டி'ல் ஜெஃப் ஹோவ், ஒரு வேலையை இணையத்தில் பலரிடம் விட்டுச் செய்துகொள்வதற்குக் 'கிரவுட்சோர்சிங்' என்றொரு சொல்லை எடுத்துவிட, ஆகஸ்டில் மைக்கேல் சல்லிவன் அதே அச்சில் இதை வார்த்தார். 'கிரவுட்' என்பதன் வேர் நெருக்கித் தள்ளுவதைக் குறித்த பழைய ஆங்கில வினை. 'ஃபண்ட்' அடித்தளம் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சொல்தான் புதிது, வேலை பழையது. 1885இல் நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாதபோது, ஜோசப் புலிட்சர் தம் செய்தித்தாளில் வேண்டுகோள் விடுத்தார். சுமார் 1,60,000 பேர் கொடுத்து ஒரு லட்சம் டாலருக்குமேல் சேர்ந்தது. எவ்வளவு சிறிய தொகை கொடுத்தவரின் பெயரையும் அவர் தாளில் அச்சிட்டார். பிறகு 2008இல் இண்டிகோகோ, 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்று இதற்கென்றே தளங்கள் வந்தன.

இனி என் வழக்கு. 'கூட்டு' என்பது தமிழில் கனமான சொல். கூட்டுக் குடும்பம், கூட்டுக் கணக்கு, கூட்டுறவு, கூட்டறிக்கை, கூட்டாளி எதை எடுத்தாலும், சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கும். உரிமையும் பொறுப்பும் எல்லோருக்கும் உண்டு. கூட்டுச்சதியில்கூடத் தண்டனை எல்லோருக்கும்தான். குறும்படத்துக்குப் பணம் கொடுத்த ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. கதையில் ஒரு வரியை மாற்றச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை, படத்தில் பங்குமில்லை. பட முடிவில் பெயர் ஓடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தவருக்குச் சுவரொட்டி ஒன்றோ, இயக்குநர் கையொப்பமிட்ட திரைக்கதைப் பிரதியோ வரும். அவ்வளவுதான். இதில் 'கூட்டு' எங்கே இருக்கிறது?

கூட்டு நிதி என்ற பெயர் பொருந்தும் இடங்களும் இல்லாமல் இல்லை. 1976இல் வந்த ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்குக் குஜராத் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து லட்சம் பால் விவசாயிகள் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். படத்தின் தயாரிப்பாளர்கள் என்று அவர்களைத்தான் திரையில் போட்டார்கள். அது கூட்டு நிதி, ஐயமே இல்லை. அமெரிக்காவில் 2012இல் சட்டம் இயற்றி, 2016 முதல் இளம் நிறுவனங்கள் பொதுமக்களிடம் இணையம் வழியாகச் சிறு தொகைக்குப் பங்கு விற்கலாம் என்று விதி வகுத்தார்களே, அங்கும் அந்தச் சொல்லைப் போடலாம். அப்படிப் பங்கு உள்ள இடத்துக்கு வேண்டிய சொல்லை, பங்கே இல்லாத இடத்தில் செலவழித்துவிட்டால் பிறகு அங்கே எதைப் போடுவது?

'கூட்ட நிதி' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இது இன்னும் மோசம். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் கூட்டம் என்றால் ஜனத்திரளும் கூட்டம், சங்கத்தின் செயற்குழு கூடுவதும் கூட்டம். 'கூட்ட நிதி' என்று படித்ததும் எனக்கு நினைவு வருவது, கூட்டம் நடத்த நாற்காலி வாடகைக்குப் பிரித்த பணம்தான். 'மக்கள் நிதி' என்றால் அரசுக் கருவூலத்தின் வாசனை அடிக்கிறது. 'நன்கொடை' நல்ல சொல், ஆனால் எதையும் எதிர்பாராமல் கொடுப்பதற்கே அது பொருந்தும். சுவரொட்டிக்காகக் காத்திருப்பவர் நன்கொடையாளர் அல்லர்.

நான் எழுதச் சொல்வது 'திரள்நிதி'. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஏற்கெனவே வழக்கில் இருப்பதுதான். திரள் என்பது பெயராக நின்றால் மக்கள் தொகுதி; வினையாக நின்றால், சிதறிக் கிடந்தவை சேர்ந்து உருண்டு ஒன்றாதல். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்கிறோமே, அந்தத் திரளல். கடையக் கடைய மோரில் துணுக்குத் துணுக்காக மிதப்பது ஒரு கட்டத்தில் சட்டென்று உருண்டையாகிவிடும். கிக்ஸ்டார்ட்டர் இயங்குவதும் இப்படித்தான். குறித்த நாளுக்குள் குறித்த தொகை எட்டினால் மொத்தமும் கைக்கு வரும். எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு காசுகூட எடுக்கப்படாது. திரண்டால் வெண்ணெய், இல்லையென்றால் மோர்.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. 'திரள்நிதி'யை வினைத்தொகையாகக் கொண்டால் திரண்ட நிதி, திரள்கின்ற நிதி, திரளும் நிதி என்று மூன்று காலமும் அடங்கும். வேண்டுகோள் வைக்கும் நாளில் அது திரளும் நிதி, நடுவில் திரள்கின்ற நிதி, முடிந்தபின் திரண்ட நிதி. இத்தனையும் ஐந்தே எழுத்தில் கிடைக்கும்போது வேறெங்கே தேடுவது? ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: 'திரள்நிதி திரட்டல்'. நடுச்சென்டர் என்பது போன்ற கூறியது கூறல் அது. திரள்நிதி கோரினோம், திரள்நிதியில் எடுத்தோம் என்றால் போதும்.

'நிதி' வடசொல்லாயிற்றே என்று தூய தமிழ் அன்பர்கள் வருவார்கள். 'சங்கநிதி பதுமநிதி இரண்டும் தந்து' என்று அப்பரே பாடிவிட்டார். அவருக்கு ஒத்துக்கொண்டது எனக்கும் ஒத்துக்கொள்ளும்.

நண்பரின் வேண்டுகோளில் வேறு சொற்களும் உறுத்தின. 'இண்டிபெண்டன்ட்' என்பதற்கு வைத்த 'சுதந்திர' ஒன்று. 'சுதந்திரக் குறும்படம்' என்றால் கொடியேற்றும் காட்சி இருக்கும் என்று நினைப்பார்கள். 'தற்சார்பு' என்றார் இன்னொருவர். ஐந்நூறு பேரிடம் கைநீட்டிவிட்டுத் தற்சார்பு என்பது கொஞ்சம் அதிகம். 'சுயாதீன' என்று அச்சில் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். கொடுத்தவருக்குத் தருவதை 'வெகுமதி' என்றிருந்தார். வெகுமதி மேலிருப்பவர் மகிழ்ந்து கீழே கொடுப்பது. இங்கே பெற்றவரல்லவா திருப்பித் தருகிறார்? அதற்குக் 'கைம்மாறு' என்று வள்ளுவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாவற்றிலும் கொடுமை 'நீட்டிப்பு இலக்கு'. கேட்டதற்குமேல் பணம் வந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் இரண்டாவது இலக்கு அது. 2013இல் ஸ்வீடன்காரர் டேவிட் சாண்ட்பெர்க் தம் 'குங் ஃபியூரி' குறும்படத்துக்கு 2 லட்சம் டாலர் கேட்டார். பத்து லட்சம் சேர்ந்தால் முழுநீளப் படமாகவே எடுப்பேன் என்றார். வந்தது 6,30,000 டாலர். குறும்படம் கிடைத்தது, முழுநீளப் படம் இல்லை. அந்தப் பத்து லட்சத்தை 'மேல் இலக்கு' என்றால் போதும். 'நீட்டிப்பு' என்று தமிழில் படிப்பவர், கடைசி நாளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார், பிறகு கொடுக்கலாம் என்று எழுந்து போவார். ஒரு சொல் பணத்தையே நிறுத்தும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வாக்கியம் எதைப் பற்றியது என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள். இப்போது அதை இயந்திரம் இன்னும் வேகமாகச் செய்கிறது. செலவுக் கணக்கில் ஒரு வரி இருந்தது: 'முகமூடிப் பிரதிபலிப்பு அகற்றம்.' என்னவென்று கேட்டேன். விண்வெளி உடையின் தலைக்கவசக் கண்ணாடியில் ஒளிப்பதிவாளரும் விளக்குகளும் தெரிகிறார்களாம். படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவர்களை அழிக்க வேண்டுமாம். அதையே எழுதச் சொன்னேன். எழுதினார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டே நாலைந்து பேர் பணம் அனுப்பியதாகச் சொன்னார்.

நண்பரின் வேண்டுகோள் பக்கத்தில் இப்போது 'திரள்நிதி' இருக்கிறது, 'கைம்மாறு' இருக்கிறது. பங்கு கேட்டவர் விளக்கம் படித்துவிட்டுக் கொடுத்த பணத்தை அப்படியே விட்டுவிட்டார். பணம் செலுத்தும் பொத்தானின் எழுத்து மட்டும் தளத்துக்காரர்கள் கையில் இருக்கிறது. அதில் இன்னமும் 'கூட்டத்தை ஆதரி' என்றே போட்டிருக்கிறது.