மே மாத ஏரியும் ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்ற பேச்சும்

“அவன் நல்லா நீந்துவான், டொக்டர்.” அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று இதைச் சொல்லாத குடும்பம் அரிது. போன மே மாத விக்டோரியா தின விடுமுறையிலும் இதையேதான் கேட்டேன். முப்பது வயதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள், ஒரு கனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு), நல்ல வெயில், அலையே இல்லாத ஏரி. படம் எடுப்பதற்காக ஒருவர் எழுந்து நிற்க, கனூ கவிழ்ந்துவிட்டது. நீந்தவே தெரியாதவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர் மறுநாள் வீட்டுக்குப் போனார். மற்றவர் பருத்தித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்தவர். அவருடைய ஜாக்கெட் முழங்காலுக்குக் கீழே மெத்தையாகக் கிடந்தது. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஜாக்கெட் கிடந்த இடத்தை மாற்றவில்லை.)

கனூப் பயணம் போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் போகிறேன். கனடாவின் ஒன்ராறியோவில் 1893இல் உருவான அல்கொன்குயின் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. உள்ளே 2,400க்கும் அதிகமான ஏரிகள். ஒரு ஏரியைக் கடந்து, கனூவைத் தோளில் தூக்கிக் காட்டுப்பாதையில் நடந்து, அடுத்த ஏரியில் இறக்கி, கூடாரமிடும் இடத்தைக் காட்டும் செம்மஞ்சள் பலகை தெரிகிற கரையில் கூடாரம் அடித்து, இரவில் லூன் பறவை கூவுவதைக் கேட்டுக்கொண்டு படுப்பது தனிச் சுகம். டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது இதற்குப் போகத் தொடங்கியிருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதனால்தான் இந்தக் கோபமும்.

சரி, நீச்சலுக்கு வருவோம். அல்கொன்குயின் ஏரிகளில் பனிக்கட்டி உருகி முடிவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான். விடுமுறைக்கு நீங்கள் போகும்போது வெயில் 24 பாகையாக இருக்கலாம், டீ-சேட்டோடு துடுப்புப் போடலாம். ஆனால் சில வாரங்களுக்கு முன்புவரை பனியாக இருந்த தண்ணீர் அது. வெயிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தண்ணீரைப் பார்த்து முடிவெடுங்கள். நீங்கள் விழப்போவது வெயிலில் அல்ல.

குளிர் ஆளைக் கொல்வதற்கு நேரமெடுக்கும், அதற்குள் கரைக்கு நீந்திவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் ஆத்திரம் மூட்டுவது இந்த எண்ணம்தான். அந்த இளைஞர் உடல் விறைத்துச் சாகவில்லை, அதற்கு நேரமே இருக்கவில்லை. குளிர்ந்த நீர் சட்டென்று உடலில் பட்டவுடன் நெஞ்சு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அதை மன உறுதியால் தடுக்க முடியாது, பயிற்சி பெற்ற நீச்சல்காரருக்கும் அது வரும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றை அல்ல, தண்ணீரை. அதன் பிறகு மூச்சு கட்டுப்பாடில்லாமல் வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். மூச்சை ஒழுங்குபடுத்த முடியாதவர் எப்படி நீந்துவார்? பருத்தித்துறைக் கடல் வெதுவெதுப்பான கடல். அங்கே பழகிய நீச்சல் இந்தத் தண்ணீரில் முதல் நிமிடத்துக்கு உதவாது.

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், பனி நீரில் தானே பலமுறை இறங்கி இதை ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். விறைத்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். முதல் நிமிடத்தைத் தாண்டவும், கை ஓய்ந்த பிறகு மிதக்கவும் ஜாக்கெட் வேண்டும். அந்த 1 மணி நேரம் என்பது ஜாக்கெட் போட்டவருக்குத்தான்.

“விழுந்தால் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்வேன்” என்பவர்களுக்கு: சூடான நீச்சல் குளத்தில் ஒருதரம் முயன்று பாருங்கள். அங்கேயே திணறுவீர்கள்.

ஆளுக்கொரு ஜாக்கெட், அவரவர் அளவில், கனூவில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். பெரியவர்கள் அதைப் போட்டிருந்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு வாதாடாதீர்கள். கரையை விட்டுக் கிளம்புமுன் போடுங்கள், கொக்கியைப் பூட்டுங்கள், கரையில் கால் வைத்த பிறகு கழற்றுங்கள். பிள்ளைக்கு ‘அடுத்த வருசத்துக்கும் ஆகும்’ என்று பெரிய அளவு வாங்காதீர்கள், அது தலைக்கு மேலாக உருவிக்கொண்டு போய்விடும்.

கனூவில் எழுந்து நிற்காதீர்கள். இடம் மாறவேண்டுமென்றால் கரைக்குப் போய் மாறுங்கள். ஒப்பியாங்கோ போன்ற பெரிய ஏரிகளில் பிற்பகலில் காற்று எழும்பும். காலையிலேயே கடந்துவிடுங்கள், கரையை ஒட்டியே போங்கள். மது குடிப்பதென்றால் கூடாரத்துக்கு வந்த பிறகு, அதுவும் இனித் தண்ணீரில் இறங்கப்போவதில்லை என்றால் மட்டும். குடித்துவிட்டுக் கனூ ஓட்டி உயிரிழப்புக்குக் காரணமானவரை 2019இல் ஒன்ராறியோ நீதிமன்றம் குற்றவாளியாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

கரடியைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். உணவைக் கூடாரத்தில் வைக்காமல் தள்ளி உயரத்தில் கட்டுங்கள், போதும். ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியால் வரும் வயிற்றோட்டத்தோடு வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன்.

கவிழ்ந்துவிட்டால் முதல் நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். கனூவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை மிதந்துகொண்டிருங்கள். நீர் நிறைந்தாலும் கனூ மிதக்கும். கரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அதை விட்டு நீந்தாதீர்கள், முடிந்த அளவு அதன்மேல் ஏறிப் படுங்கள். தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும்.

வெளியே எடுத்தவரை நடக்க வைக்காதீர்கள். குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சியையும் தாங்காது. கிடத்தி, ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த உறக்கப் பையில் சுற்றுங்கள். கை காலைத் தேய்க்கவேண்டாம், பிராந்தி வேண்டவே வேண்டாம். தெளிவாகப் பேசுகிறார், விழுங்குகிறார் என்றால் இனிப்பான சூடான தேநீர் கொடுக்கலாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்துங்கள். உடம்பு சில்லிட்டுவிட்டது, போய்விட்டார் என்று நீங்களே முடிவு கட்டி நிறுத்தாதீர்கள். குளிர்ந்துபோய் வருகிறவரை உடல் சூடேறுமுன் நாங்களே அப்படி முடிவு கட்ட அவசரப்படுவதில்லை.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். பூங்காவின் உள்ளே பெரும்பாலான இடங்களில் கைபேசி வேலை செய்யாது. முடிந்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். முடியாவிட்டாலும் எந்த ஏரியில் இறங்குகிறீர்கள், எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் திரும்பவில்லையென்றால் பொலிஸுக்கு அழைக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.