சூப்பர் ஹீரோ படத்துக்கு ராணுவ விமானம் வேண்டுமா? பென்டகன் விதி இதுதான்

அமெரிக்காவில் ஒரு சூப்பர் ஹீரோ படம் அரசை எவ்வளவு வேண்டுமானாலும் சாடலாம். பேச்சுரிமைக்குள் சினிமாவும் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1952-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 1968 முதல் நடைமுறையில் உள்ள வயதுத் தரமும் திரைத்துறையே வழங்குவது. அரசு முத்திரை அல்ல.

நிஜமான போர் விமானமோ ராணுவத் தளமோ கேட்டால்தான் கதை மாறும். அதற்கென்றே பென்டகன் எனப்படும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 5410.16 என்ற விதி இருக்கிறது. முழுத் திரைக்கதையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ராணுவத்தைக் காட்டும் விதம் நம்பும்படி இருக்க வேண்டும். மக்கள் ராணுவத்தைப் புரிந்துகொள்ளவோ ஆள்சேர்ப்புக்கோ உதவ வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ராணுவக் காட்சிகளில் கைவைக்க அனுமதி தேவை. படப்பிடிப்பில் ஓர் அதிகாரி உடனிருப்பார். படம் வெளியாகும் முன் துறைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கூடுதல் செலவு படக்குழுவின் தலையில். வழக்கமான பயிற்சியில் பறக்கும் விமானத்தைப் படம்பிடித்தால் அதற்குக் கட்டணமில்லை.

திருத்தம் எப்படி நடக்கும் என்பதற்கு 2003-ல் வந்த 'ஹல்க்' நல்ல உதாரணம். திரைக்கதையில் ஹல்க்கைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு 'ரான்ச் ஹேண்ட்' என்று பெயர். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் காடுகள் மீது ஏஜென்ட் ஆரஞ்சு நச்சு மருந்தைத் தெளித்த நிஜ நடவடிக்கையின் பெயர் அது. ராணுவம் ஆட்சேபித்தது, படத்தில் அது 'ஆங்ரி மேன்' ஆனது. இரண்டே சொல்தான். ஆனால் பார்வையாளருக்கு ஒரு போர்க்கொடுமையை நினைவூட்டியிருக்கக்கூடிய இரண்டு சொல் அவை.

2012-ல் 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் வந்த சிக்கல் வேறு. அதில் வரும் ஷீல்டு அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது, அமெரிக்கப் படை அதன் கீழ் வருமா என்பது பென்டகனுக்குப் பிடிபடவில்லை. ஒத்துழைப்பிலிருந்து பின்வாங்கியது.

மறுத்தாலும் படத்தைத் தடுக்க இந்த விதியில் இடமில்லை. தனியாரிடம் வாடகைக்கு எடுக்கலாம், கிராபிக்ஸில் செய்துகொள்ளலாம். ஆனால் அது பெரும் செலவு. அதனால் இதைத் தணிக்கை இல்லை என்று எளிதாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய விமானம், அரசுக்குப் பிடித்த கதைக்கு மட்டும் பறப்பது நியாயமில்லை.

உதவி பெற்ற படங்களின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் பாதுகாப்புத் துறைக்கு நன்றி தெரிவித்திருப்பார்கள். விளக்கு போட்டதும் எழுந்துவிடாமல் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.