அப்ஸ்ட்ரீம் என்றால் தலைமடை

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஏதாவது ஒரு மென்பொருள் கோளாறு செய்கிறது என்று முறையிட்டால், பல நேரம் வருகிற பதில் 'இது அப்ஸ்ட்ரீம் பிழை, அங்கே சொல்லுங்கள்' என்பதுதான். இலங்கையின் தேயிலை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் லினக்ஸ் பழகத் தொடங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். அங்கே என்றால் எங்கே?

சொல் ஆற்றிலிருந்து வந்தது. ஸ்ட்ரீம் என்றால் ஓடை, அப் என்றால் மேலே. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். எண்ணெய்த் துறையிலும் இதே சொல் உண்டு: தேடித் தோண்டி எடுப்பது அப்ஸ்ட்ரீம், சுத்திகரித்து விற்பது டவுன்ஸ்ட்ரீம். மென்பொருளில், நிரலை எழுதி வெளியிடுகிற குழு அப்ஸ்ட்ரீம். அதை எடுத்துப் பொதியாகக் கட்டி நம் கணினிக்கு அனுப்புகிற டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் டவுன்ஸ்ட்ரீம். ஆனால் இது நிலையான ஓர் இடத்தின் பெயர் இல்லை, யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தலவாக்கலை கொத்மலை அணைக்கு மேலே இருக்கிறது, அதனால்தான் 2012இல் அங்கே இயங்கத் தொடங்கிய நீர்மின் திட்டத்துக்கு மேல் கொத்மலை என்று பெயர். அதே தலவாக்கலை நானுஓயாக்காரர்களுக்குக் கீழே. டெபியனும் அப்படித்தான். அதிலிருந்து பொதிகளை எடுத்துக்கொள்ளும் உபுண்டுவுக்கு அது அப்ஸ்ட்ரீம், நிரலை எழுதியவருக்கு டவுன்ஸ்ட்ரீம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மேலோட்டம்' என்றால் அரைகுறையாகப் பார்ப்பது என்று பொருள் மாறிவிடும். 'மூலம்' ஏற்கெனவே மூலநிரலுக்குப் போய்விட்டது. 'மேல்நீரோட்டம்' பொருளில் சரி, ஆனால் வாயில் நிற்காது. நம் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்ற அருமையான இணை இருக்கிறது: வாய்க்காலில் தண்ணீர் முதலில் ஏறும் இடம் தலைமடை, கடைசியில் போய்ச் சேரும் இடம் கடைமடை. தேயிலைக்கு மடை கிடையாதுதான், இருந்தாலும் சொல் நம்முடையது. கிளை வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமடை உண்டு என்பதால் மேலே சொன்ன சார்பும் கெடுவதில்லை. நான் தலைமடை என்றே எழுதுகிறேன்.

இப்போது தலைமடையில் புதிய வெளியீடு வந்தது கடைமடைக்கு எப்படித் தெரிகிறது? பொதி கட்டுபவர் தினமும் ஒவ்வொரு வலைப்பக்கமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டெபியனில் பொதிக்குள் வாட்ச் என்றொரு சிறு கோப்பு வைப்பார்கள். வெளியீடுகள் கிடைக்கும் முகவரியும், கோப்புப் பெயரில் பதிப்பு எண் எங்கே வரும் என்று காட்டும் ஒரு தேடல் வடிவமும் அதில் இருக்கும். யூஸ்கேன் என்ற கருவி அந்தப் பக்கத்தைத் திறந்து, பொருந்தும் இணைப்புகளைப் பொறுக்கி, இருப்பதில் உயர்ந்த எண்ணை எடுத்து, பொதியில் உள்ள எண்ணோடு ஒப்பிடும். எண்களை ஒப்பிடுவது பார்க்கத்தான் எளிது. எழுத்தாகப் படித்தால் 1.10ஐ விட 1.9 பெரிதாகத் தெரியும், அதனால் புள்ளிக்குப் புள்ளி எண்ணாகப் படிக்க வேண்டும். 2.0இன் சோதனைப் பதிப்பு 2.0க்கு முந்தியது என்று கருவிக்குப் புரியவைக்க டெபியனில் அலைக்குறி போட்டு 2.0~ஆர்சி1 என்று எழுதுவார்கள். அலைக்குறி வந்தால் அது வெறுமையைவிடவும் முந்தியதாக வரிசைப்படும். ஃபெடோராவில் புதிய வெளியீட்டைக் கண்டுபிடிக்கும் வேலையை அனித்யா என்ற கருவி செய்கிறது, நம் அநித்தியம் என்ற அதே வடசொல். அது புதிய பதிப்பைக் கண்டால் பொதியாளருக்கு முறையீடு ஒன்று தானாகப் பதிவாகிவிடும்.

கண்டுபிடிப்பது இத்தோடு முடிந்தது. சரிபார்ப்பது வேறு வேலை, இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஆபத்து. மூலநிரலை ஒரே கோப்பாகக் கட்டித் தரும் டார் பொதிக்குப் பக்கத்திலேயே கிடக்கும் செக்சம்மை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை, மட்டும் நம்ப முடியாது, வழங்கியைக் கைப்பற்றியவன் இரண்டையும் மாற்றிவிடுவான். அதனால்தான் தலைமடை ஆசிரியரின் பொதுச்சாவியை முன்கூட்டியே பொதிக்குள் வைத்துக்கொண்டு, இறக்கிய கோப்புக்கு அவர் இட்ட மின்னணுக் கையொப்பத்தை யூஸ்கேன் அதோடு ஒத்துப் பார்க்கிறது. செக்சம்மில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2023 ஜனவரியில், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் தானாக உருவாக்கித் தரும் டார் பொதிகளைச் சுருக்கும் முறை மாறியது, உள்ளே ஓர் எழுத்துகூட மாறாமலே செக்சம்கள் மாறி, பல இடங்களில் கட்டுமானம் உடைந்தது. மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் கையொப்பம் யார் அனுப்பினார் என்பதை மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் இதைத்தான் காட்டியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாசல் வைத்தவர் அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளராகவே இருந்தார், கையொப்பம் முறைப்படி செல்லுபடியானது, கருவிகள் எல்லாம் சரி என்றே சொல்லும். கள்ளவாசலைத் தூண்டும் கட்டுமான ஸ்கிரிப்ட் டார் பொதியில் இருந்தது, நிரல் மாற்றங்கள் எல்லாம் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்ததால்தான் அது டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் போகாமல் தப்பியது.

அதனால் பொதி கட்டப் பழகுபவர்கள் கையொப்பத்தோடு நிற்க வேண்டாம். டார் பொதியை, கிட்டில் அந்த வெளியீட்டுக்கு இட்ட அடையாளமான டேக்கோடு வைத்து வேறுபாடு பாருங்கள், முக்கியமாகக் கட்டுமான ஸ்கிரிப்ட்களை. யூஸ்கேனுக்கு நேரடியாகக் கிட்டிலிருந்தே எடுக்கும் முறையும் உண்டு, டேக்கில் இட்ட கையொப்பத்தையும் அது சரிபார்க்கும். தலைமடை ஆசிரியர் இன்னும் கையொப்பமே இடுவதில்லை என்றால், மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.