வாசலில் கேட்கப்படும் கேள்வி: நேர்முகக் கருத்தாய்வு இயங்கும் விதம்

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கைக்கணினியுமாக ஒரு நேர்காணலர் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் ஏழாம் மாடியில், பூட்டிய இரும்புக் கதவின் முன் நிற்கிறார். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது. தொலைக்காட்சிச் சத்தம்கூடக் கேட்கிறது. ஆனாலும் அவர் அங்கே போய் மணியடிக்கக் கூடாது. கணினி முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்துக் கொடுத்த வீடு இதுதான் என்பதால், மாலையிலோ வாரயிறுதியிலோ இதே வாசலுக்குத்தான் அவர் மீண்டும் வர வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் உண்டு. வார நாள் பிற்பகலில் கதவைத் திறப்பவர்களுள் முதியோரும் இல்லத்தரசிகளும் மிகுதி. வேலைக்குப் போகும் தம்பதியரும் இரவு வேலை முடித்து உறங்குபவரும் குறைவு. திறந்த கதவுகளை மட்டும் நாடினால் ஆய்வு ஊரின் ஒரு பகுதியை மட்டுமே கேட்கும். எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அந்தச் சாய்வு குறையாது. 1936 ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்றும், வெல்பவர் லாண்டன் என்று தவறாகக் கணித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். சீட்டுகள் சென்ற பட்டியல் வசதியுள்ளோர் பக்கம் சாய்ந்திருந்ததும், பெற்றவர்களுள் ஒரு சாரார் மட்டுமே பதில் அனுப்பியதும் அதற்குக் காரணங்கள்.

கதவு திறந்தபின் வீட்டுக்குள்ளும் குலுக்கல் உண்டு. பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான் “நானே சொல்கிறேன்” என்று முன்வருவார். அதைத் தவிர்ப்பதற்காகப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949 இல், வீட்டில் யாரைக் கேட்பது என்பதைத் தற்செயலாகத் தீர்மானிக்கும் ஓர் அட்டவணையை வகுத்தார். அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவரிடம் கேட்பது அதைவிட எளிய வழி. அவர் வீட்டில் இல்லையென்றால் அதற்காகவும் ஒருமுறை வர வேண்டியதுதான்.

இனித் தமிழர்களை நேரடியாகத் தொடும் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2000 ஆம் ஆண்டு முதல் அடிப்படை விவரங்களை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வீட்டில் பேசும் மொழி போன்றவற்றை மட்டும் மாதிரி இல்லங்களிடம் கேட்கிறது. 2020 இல் அத்தகைய இல்லங்கள் சுமார் 150,000. சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020 இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தனர் என்பதை நாம் அந்த மாதிரியிலிருந்தே அறிகிறோம். அவ்வளவு பெரிய மாதிரி சாதாரணக் கருத்தாய்வுகளுக்குக் கிடைப்பதில்லை. ஆயிரம் பேரைக் கேட்கும் ஆய்வின் பிழை எல்லை, அதாவது உண்மை நிலையிலிருந்து ஆய்வின் எண் விலகியிருக்கக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ சுமார் 3 விழுக்காட்டுப் புள்ளிகள். சிங்கப்பூர்வாசிகளுள் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு என்பதால் அந்த ஆயிரத்தில் அவர்கள் 90 பேர்தான் வருவர். அவர்களைப் பற்றிய எண்ணின் பிழை எல்லை 10 புள்ளிகளாக விரிகிறது. வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 25 பேர். அவர்களுக்கு அது 20 புள்ளிகள். அந்நிலையில் “தமிழர்கள் இவ்வாறு கருதுகிறார்கள்” என்று எழுத நமக்கு உரிமையில்லை. எனவே கவனமான ஆய்வுகள் சிறுபான்மையினரை வேண்டுமென்றே கூடுதலாக, 400 பேர் என்ற அளவுக்குச் சேர்த்து, மொத்தக் கணக்கில் அவர்களின் எடையை மீண்டும் 9 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொள்கின்றன.

ஆனால் அந்த 400 பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க முடிகிறதா? என் பார்வையில் இதுவே கடினமான இடம். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்கும் மொழி நம்முடையது. வினாத்தாளில் “பொதுப் போக்குவரத்துச் சேவை குறித்துத் தாங்கள் எந்த அளவுக்கு மனநிறைவு கொண்டுள்ளீர்கள்?” என்று அச்சிட்டிருக்கும். இரும்புக் கதவுக்கு அப்பால் நிற்கும் மூதாட்டியிடம் அதை அப்படியே வாசிக்க நாக்கு எழாமல், நேர்காணலர் “பஸ்ஸு, எம்ஆர்டி எல்லாம் நல்லாத்தானே இருக்கு, ஆன்ட்டி?” என்று கேட்டுவிடுகிறார். அந்தத் ‘தானே’ பதிலை முன்கூட்டியே ஊட்டிவிடுகிறது. வினா எழுத்தான ஆகாரம் சேரும் இடமும் பொருளை மாற்றும்: “பஸ்ஸுல போறீங்களா?” என்பது ஒரு கேள்வி, “பஸ்ஸுலயா போறீங்க?” என்பது வியப்பும் லேசான குறையும் கலந்த வேறொரு கேள்வி. “உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?” என்றால் பெரியவர் ஒருவர் பொங்கோலில் தனிக்குடித்தனம் இருக்கும் மகனையும் சேர்த்துக்கொண்டு, அதே வீட்டில் அறை வாடகைக்கு எடுத்திருப்பவரை விட்டுவிடக்கூடும். ஆய்வாளர் கேட்க நினைத்ததோ ஒரே கூரையின்கீழ் வாழும் இல்லத்தை.

ஆதலால், வாய்விட்டு வாசிக்கப்படும் தமிழ் வினாத்தாளைப் பேச்சுநடையிலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொழிபெயர்ப்பாளர் இருவர் தனித்தனியே எழுதி, மூன்றாமவர் ஒப்பிட்டுத் தீர்மானித்து, பின்னர் வெவ்வேறு வயதினர் சிலரிடம் “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்” என்று சோதிப்பது தேர்ந்த முறை. விடைகளைச் செவியால் மட்டும் கேட்பவர்கள் கடைசியில் சொன்னதைத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதால், தெரிவுகளை அட்டையில் அச்சிட்டும் காட்டுவார்கள். அட்டைக்கும் ஒரு குறை உண்டு: கண்ணால் வாசிப்பவர்கள் முதலில் உள்ளதை நோக்கிச் சாய்வார்கள். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் “ஆமாம்” சொல்லும் நம் பண்பைக் கருதி, சில கேள்விகளை எதிர்த்திசையில் அமைப்பதும் உண்டு.

இவ்வளவு செய்தாலும் ஒவ்வொரு நேர்காணலரிடமும் அவருக்கே உரிய ஒரு சாய்வு மிஞ்சும். அவர் நடத்தும் எல்லா நேர்காணல்களிலும் அது ஒரே திசையில் படிவதால், ஒன்றையொன்று ஈடுசெய்து மறைவதில்லை. ஒரே நேர்காணலருக்குக் கிடைத்த பதில்களுக்கிடையே உள்ள ஒப்புமையை (பதில்கள் முற்றிலும் ஒன்றாக இருந்தால் அது 1) 0.02 என்ற மிகச் சிறிய அளவாக வைத்துக்கொள்வோம். ஒருவரின் நேர்காணல் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதனை 0.02 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், பிழையின் வர்க்கம் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது கிடைக்கும். தமிழ் தெரிந்த நேர்காணலர் ஐவர் மட்டுமே கிடைத்து, ஆளுக்கு 80 வீடுகள் சென்றால் அது 2.58 மடங்கு, 400 பேரைக் கேட்டும் 155 பேரைக் கேட்ட துல்லியமே மிஞ்சும். அதே 400 வீடுகளை இருபது பேர் பங்கிட்டுக்கொண்டால் பெருக்கம் 1.38 தான், ஏறத்தாழ 290 பேருக்குரிய துல்லியம் கைக்கு வரும்.